ஏடிவிக்கு வீல் ஸ்பேசர்: போடலாமா, எப்படிப் போடுவது

உங்கள் ஏடிவியில் (கரடுமுரடான பாதையில் ஓட்டுகிற, ஹேண்டில் வைத்த நான்கு சக்கர வண்டி) டயர் உள்பக்கம் ஏ-ஆர்மிலோ (சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கிற A வடிவக் கை) ஷாக் அப்சார்பரிலோ உரசுகிறது என்றால் ஸ்பேசர் போடுங்கள், பிரச்சினை பெரும்பாலும் அன்றோடு முடிந்துவிடும். சரிவில் வண்டி கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்துக்காகப் போடுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அதில் கிடைக்கிற லாபம் பலர் நினைப்பதைவிடச் சின்னது, அதே லாபத்தைச் செலவில்லாமல் வாங்க வேறு வழிகளும் இருக்கின்றன, கணக்கோடு கீழே சொல்கிறேன். வண்டி அகலமாக, முரட்டுத்தனமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம் என்றால் அதுவும் ஒரு காரணம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்காக வண்டியின் எந்த பாகம் கூடுதலாக உழைக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

ஸ்பேசர் என்ன செய்கிறது

ஹப்புக்கும் (சக்கரம் மாட்டப்படுகிற, சுழலும் நடுப்பகுதி) ரிம்முக்கும் நடுவில் உட்காருகிற தடித்த அலுமினிய வட்டுதான் ஸ்பேசர். 1 அங்குலம், 1.5 அங்குலம், 2 அங்குலம் (25, 38, 50 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள்) என்ற தடிமன்கள்தான் அதிகம் கிடைப்பவை. இது ஒரு பக்கத்துக்கான அளவு, அதனால் 1.5 அங்குலம் போட்டால் வண்டியின் மொத்த அகலம் 3 அங்குலம் கூடும். வாங்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, மொத்தமாக 2 அங்குலம் வேண்டியவர்கள் பக்கத்துக்கு 2 அங்குலம் வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஸ்பேசர் தனியாக ஹப்போடு நட் போட்டு இறுக்கப்படும், அதன் வெளிமுகத்தில் புதிதாக நான்கு ஸ்டட்கள் (நட் ஏறுகிற, நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பிகள்) இருக்கும், ரிம் அந்த ஸ்டட்களில் மாட்டப்படும். இதைப் போல்ட்-ஆன் என்பார்கள். இரண்டாவது வகை வெறும் ஓட்டை போட்ட தட்டு, பழைய ஸ்டட்டில் செருகிவிட்டு அதன் மேல் ரிம்மை மாட்டி, பழைய நட்டையே போட வேண்டும். இந்தச் செருகு வகையில் தடிமன் கூடக் கூட நட்டுக்குக் கிடைக்கிற மரை குறைந்துகொண்டே போகும். நட் குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும் என்பது பழைய மெக்கானிக் கணக்கு. 10 மிமீ ஸ்டட், 1.25 பிட்ச் (ஒரு சுற்றுக்கு நட் ஏறும் தூரம், மிமீயில்) என்றால் 8 சுற்று, 12 மிமீ ஸ்டட், 1.5 பிட்ச் என்றாலும் அதே 8 சுற்று. அதற்குக் குறைவாக நட் நின்றுவிட்டால் அந்த ஸ்பேசர் உங்கள் வண்டிக்கானது இல்லை, நீளமான ஸ்டட் மாற்றாமல் அதைப் போடவே கூடாது. இந்த வழிகாட்டி முழுக்க போல்ட்-ஆன் வகையைத்தான் மனதில் வைத்து எழுதுகிறேன், ஏடிவிக்கு அதுதான் சரி.

ஸ்பேசர் தொடாத விஷயங்களும் முக்கியம். ஏ-ஆர்ம் அதே நீளம், ஆக்சில் அதே நீளம், சிவி ஜாயிண்டின் (ஆக்சில் மடங்கியபடியே சுழல உதவும் மூட்டு) கோணம் அதே கோணம். வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்டால் சிவி ஜாயிண்ட் எப்போதும் மடங்கியே சுழன்று சீக்கிரம் தேயும், ஸ்பேசரில் அந்தத் தொல்லை இல்லை. அதே காரணத்தால்தான் நீளமான ஏ-ஆர்ம் கிட் தருகிற கூடுதல் சஸ்பென்ஷன் பயணம் ஸ்பேசரில் கிடைக்கவும் கிடைக்காது. சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

கவிழும் கோணம்: ஒரு சின்னக் கணக்கு

பக்கவாட்டுச் சரிவில் வண்டி எப்போது கவிழும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடுவரை உள்ள அகலம். இன்னொன்று, வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் வருகிற எண்தான் அடிப்படை, அந்த எண்ணை tan மதிப்பாகக் கொண்ட கோணம்தான் கவிழும் கோணம்.

உதாரணத்துக்கு அகலம் 950 மிமீ, மைய உயரம் 650 மிமீ, ஆளோடு மொத்த எடை 400 கிலோ என்று எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் கவிழும் கோணம் 36 பாகைக்குச் சற்று மேல். பக்கத்துக்கு 38 மிமீ ஸ்பேசர் போட்டால் அகலம் 1026 மிமீ ஆகும், கோணம் 38 பாகைக்குச் சற்று மேல். ஆக, லாபம் சுமார் 2 பாகை. 1 அங்குல ஸ்பேசர் என்றால் ஒன்றரைப் பாகைகூட வராது. நிஜத்தில் கீழ்ப்பக்கத்து டயரும் ஸ்பிரிங்கும் அமுங்கும், கல்லும் பள்ளமும் இருக்கும், வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அதனால் உண்மையான கவிழும் கோணம் இதைவிட நிறையவே குறைவு. வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கு, சரிவில் போய்ச் சோதித்துப் பார்ப்பதற்கு இல்லை.

இப்போது அதே வண்டியில் ஸ்பேசர் இல்லாமல் மைய உயரத்தை மட்டும் 50 மிமீ குறைத்துப் பாருங்கள். கோணம் 38 பாகையைத் தாண்டிவிடுகிறது, 38 மிமீ ஸ்பேசர் கொடுத்த அதே லாபம். இன்னொன்றும் பாருங்கள், 80 கிலோ எடையுள்ள ஓட்டுநர் தன் உடலை மேட்டுப் பக்கமாக 20 செமீ நகர்த்தி உட்கார்ந்தால் மொத்த எடை மையம் 40 மிமீ அந்தப் பக்கம் நகர்கிறது, அதுவும் கிட்டத்தட்ட அதே 2 பாகை. சீட்டில் நகர்ந்து உட்கார எந்தப் பணமும் ஆகாது. தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள்: மேலே இருக்கும் ரேக்கில் ஒரு மீட்டர் உயரத்தில் 40 கிலோ சாமான் கட்டினால் மையம் 30 மிமீக்கு மேல் உயர்ந்து, கோணம் 35 பாகைக்குக் கீழே இறங்கிவிடும், அதாவது ஸ்பேசர் கொடுத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அதற்காக 2 பாகை ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. அகலம் எவ்வளவு முக்கியம் என்பதை மூன்று சக்கர ஏடிவிகளின் கதையே காட்டியது. முன்னால் ஒற்றைச் சக்கரம், அதனால் திரும்பும்போது சாய்வதைத் தாங்கும் தளம் குறுகலாக இருந்தது. அமெரிக்காவில் விபத்துகள் குவிந்து, 1988ல் தயாரிப்பாளர்கள் அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள், நான்கு சக்கர வண்டிகள்தான் நிலைத்தன. ஆக அகலம் உதவும். ஸ்பேசர் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் 2 பாகை லாபத்துக்கு 5 பாகை கூடுதல் சரிவில் இறங்குவதுதான் ஆபத்து. கையேட்டில் போட்டிருக்கும் சரிவு வரம்பு ஸ்பேசருக்குப் பிறகும் அதேதான். அப்புறம், நேராக ஏறும்போது வண்டி பின்னால் புரள்வதற்கும் ஸ்பேசருக்கும் சம்பந்தமே இல்லை, அது வண்டியின் நீளத்தைப் பொறுத்த விஷயம்.

உண்மையான நன்மைகள்

முதலில் இடைவெளி. பழைய டயரைவிட அகலமான, உயரமான டயர் போடும்போது அதன் உள்பக்கச் சுவர் ஏ-ஆர்ம், டை ராட் (ஹேண்டில் திரும்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி), பிரேக் ஹோஸ் ஏதாவது ஒன்றைத் தொட ஆரம்பிக்கும். நேராக ஓடும்போது தெரியாது, ஹேண்டிலை முழுக்கத் திருப்பி ஒரு பள்ளத்தில் அமுங்கும்போதுதான் உரசும், டயரின் உள்சுவரில் ஒரே இடத்தில் பளபளப்பான கோடு விழும். இந்த வேலைக்கு 1 அங்குலமே பெரும்பாலும் போதும். பனிச் சங்கிலி மாட்டுகிறவர்களுக்கும் இதே காரணம்தான்.

அடுத்து, திரும்பும்போது உடல் சாய்வது குறையும். அகலமான தளத்தில் நிற்கிற வண்டி வளைவில் கொஞ்சம் நிதானமாக இருக்கும், உள்பக்கச் சக்கரம் தூக்குவது தாமதமாகும். ஸ்பேசர் போட்டால் சஸ்பென்ஷன் மிருதுவாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. ஏ-ஆர்ம் நீளமாகிவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு சொல்வது அது. இரண்டு ஏ-ஆர்ம் வைத்த வண்டியில் சக்கரம் கிட்டத்தட்ட நேராக மேலும் கீழும்தான் போகிறது, அதனால் ஸ்பிரிங்கின் மேல் வருகிற நெம்புவிசை மாறுவது மிகக் கொஞ்சம். ஸ்பேசர் போட்டவுடனே புது ஸ்பிரிங் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். எதையும் வெட்டவில்லை, ஓட்டை போடவில்லை.

என்ன கெடும்

பேரிங்தான் முதலில். சக்கரத்தின் எடை பேரிங்கின் மேல் நேராக இறங்கும்படி வண்டியை வடிவமைத்திருப்பார்கள். அந்தச் சுமையை 38 மிமீ வெளியே தள்ளினால் பேரிங்கை வளைக்கப் பார்க்கிற ஒரு நெம்புவிசை சேர்கிறது. ஒரு சக்கரத்தில் 100 கிலோ நிற்கிறது என்றால் நின்ற இடத்திலேயே அது கூடுதலாக சுமார் 37 நியூட்டன் மீட்டர், ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது அது பல மடங்காகும். நிதானமாக ஓடுகிற வண்டியில் பேரிங் இதைத் தாங்கிக்கொண்டு கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். குதிக்கிற ஸ்போர்ட் வண்டியில், அதுவும் 2 அங்குல ஸ்பேசரோடு, பேரிங் மட்டும் இல்லை, பால் ஜாயிண்ட் (ஏ-ஆர்மின் முனையில் சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டு), டை ராட் முனை, பின் ஆக்சில் எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பின்னால் ஒரே தண்டாக ஓடுகிற ஆக்சில் வளைந்துபோவதில் ஸ்பேசருக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து ஹேண்டில். முன்சக்கரம் திரும்புவது பால் ஜாயிண்ட்கள் வழியாகப் போகிற ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றி. அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் ஸ்க்ரப் ரேடியஸ். 38 மிமீ ஸ்பேசர் போட்டால் இந்தத் தூரம் அப்படியே 38 மிமீ கூடும். விளைவு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கல்லிலோ வேரிலோ மோதும்போது ஹேண்டில் கையைப் பிடுங்கும், நின்ற இடத்தில் திருப்புவது கனமாகும். பவர் ஸ்டியரிங் இருக்கிற வண்டியில் இது அதிகம் தெரியாது. இல்லாத வண்டியில் அரை நாள் கரடுமுரடான பாதையில் ஓட்டினால் தோளும் மணிக்கட்டும் சொல்லிவிடும். டை ராடுக்கும் அதே அடி விழுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

மட்கார்டு இனி டயரை முழுதாக மூடாது. சேறு நேராக உங்கள் மேல் வரும், சேறு போனால் குளித்துக்கொள்ளலாம், கூழாங்கல் வந்தால் முகத்துக்கு ஆபத்து. அகலப்படுத்துகிற மட்கார்டு நீட்டிப்புகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

வண்டி அகலமாகிவிட்டது என்பதை மூளை பழகிக்கொள்ளக் கொஞ்ச நாளாகும். அதுவரை மரத்துக்கும் பாறைக்கும் இடையில் பழைய கணக்கில் நுழைந்து சக்கரத்தை முட்டிக்கொள்வீர்கள். ட்ரெய்லரின் உள் அகலத்தையும், ஏற்றுகிற சாய்பலகைகளின் இடைவெளியையும் முன்பே அளந்து பாருங்கள். பொதுப் பாதைகளில் அகல வரம்பு இருக்கலாம். உதாரணமாக அமெரிக்க வனத்துறையின் பல ஏடிவி பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி இல்லை. 48 அங்குல வண்டியில் 1.5 அங்குல ஸ்பேசர் போட்டால் 51, முடிந்தது கதை. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் பேரிங், ஆக்சில் போன்றவை போனால் தயாரிப்பாளர் கைவிரிக்க இது ஒரு நல்ல சாக்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்கிலுமா, பின்னால் மட்டுமா

பலர் பின்னால் மட்டும் ஒரு ஜோடி வாங்கிப் போடுவார்கள், செலவு பாதி, ஹேண்டிலும் பழையபடியே இருக்கும். மெதுவாகச் சுமை இழுக்கிற வேலை வண்டிக்கு இது நல்ல சமரசம். ஆனால் உங்கள் வண்டியின் பின் ஆக்சில் டிஃபரென்ஷியல் இல்லாத ஒரே தண்டு என்றால், இரண்டு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழலும். வளைவில் உள்சக்கரம் வழுக்கியே ஆக வேண்டும். பின் அகலம் கூடக் கூட அந்த வழுக்கலுக்கான எதிர்ப்பு வண்டியை நேராகத் தள்ளப் பார்க்கும், முன்சக்கரம் திரும்பியும் வண்டி நேராகப் போகிற உணர்வு வரும். சேற்றிலும் பனியிலும் இன்னொன்று உண்டு, பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராமல் தனக்கென்று புதிதாக ஒரு தடம் வெட்டிக்கொண்டு வரும், இன்ஜினுக்கு அது கூடுதல் வேலை.

முன்னால் மட்டும் போடுவது டயர் உரசலுக்கான தீர்வாக மட்டுமே அர்த்தமுள்ளது.

என் தீர்ப்பு இதுதான்: வேலைக்கான வண்டி என்றால் நான்கிலும் 1 அங்குலம், அல்லது பின்னால் மட்டும் 1.5. குதிக்கிற வண்டி என்றால் ஸ்பேசரே வேண்டாம், பணம் சேர்த்து நீள ஏ-ஆர்மும் அகலமான ஆக்சிலும் போடுங்கள். 2 அங்குலமும் அதற்கு மேலும் காட்சிக்குத்தான்.

ரிம்மை மாற்றினாலே போதுமா என்று முதலில் பாருங்கள்

எப்படியும் புது ரிம் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பேசர் தேவைப்படாமலேயே போகலாம். ஏடிவி ரிம்களில் 5+2, 4+3 என்று போட்டிருப்பார்கள். 7 அங்குல அகல ரிம்மில், ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து உள்பக்கம் 5 அங்குலம், வெளிப்பக்கம் 2 அங்குலம் என்று அர்த்தம். 5+2க்குப் பதில் 4+3 வாங்கினால் ஒவ்வொரு சக்கரமும் 1 அங்குலம் வெளியே வந்துவிடும், இடையில் கூடுதலாக ஒரு இணைப்பும் இல்லை, மறைந்திருந்து தளரும் நட்டும் இல்லை. பேரிங்குக்கும் ஸ்க்ரப் ரேடியஸுக்கும் வருகிற பாதிப்பு மட்டும் 1 அங்குல ஸ்பேசருடையதேதான், அதில் தப்பிக்க முடியாது, சக்கரம் வெளியே போனால் போனதுதான்.

அளவெடுப்பது

நான்கு ஓட்டை உள்ள சக்கரத்தில் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவரை உள்ள தூரம்தான் போல்ட் பேட்டர்ன். நடுவைக் கண்ணால் குறிப்பது கஷ்டம், அதனால் ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் இடது விளிம்புவரை அளந்தால் அதே அளவு வரும். ஹோண்டாவின் வேலை வண்டிகளில் 4/110 (அதாவது நான்கு ஓட்டை, 110 மிமீ), கேன்-ஆம் வண்டிகளில் 4/137, போலாரிஸில் 4/156, ஆர்க்டிக் கேட்டில் 4/115 என்பவை பரவலாகக் காணப்படுபவை. ஆனால் மாடலுக்கு மாடல் மாறும், ஸ்போர்ட் வண்டிகள் பலவற்றில் முன்னுக்கும் பின்னுக்குமே வேறு வேறு அளவு, ஆகவே நான்கையும் அளந்து, கையேட்டோடும் ஒத்துப் பாருங்கள். 110க்கும் 115க்கும் 5 மிமீதானே என்று ஓட்டையை ராவிப் பெரிதாக்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வண்டியில் ஏறாதீர்கள்.

ஸ்டட்டின் மரை அடுத்தது. 10 மிமீ, 12 மிமீ இரண்டும் உண்டு, 12லேயே 1.25 பிட்ச்சும் 1.5 பிட்ச்சும் உண்டு. ஸ்பேசரின் உள் நட்கள் உங்கள் ஹப் ஸ்டட்டுக்குப் பொருந்த வேண்டும், ஸ்பேசரின் வெளி ஸ்டட்கள் உங்கள் ரிம் நட்டுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் வேறு வேறாக இருக்கிற ஸ்பேசர்களும் வருகின்றன.

நட்டின் அடி வடிவத்தைக் கவனியுங்கள், இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ரிம்மின் ஓட்டை கூம்பாகக் கடைந்திருந்தால் கூம்பு நட், தட்டையாக இருந்தால் தட்டை நட். மாற்றிப் போட்டால் இறுக்கியதாகத் தோன்றும், ஆனால் விளிம்பில் ஒரு சின்னக் கோட்டில் மட்டும்தான் பிடித்திருக்கும்.

அடுத்து ஹப்பின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் ஆக்சில் நட்டும் அதைப் பூட்டுகிற காட்டர் பின்னும். ஸ்பேசரின் நடு ஓட்டை அதைத் தொடாமல் உட்கார வேண்டும். முடிந்தால் ஹப்பின் நடு வட்டத்தில் துல்லியமாகப் பொருந்தி உட்காரும் வகையையே வாங்குங்கள், சக்கரம் தானாக மையத்தில் நிற்கும், அதிர்வு குறையும். கடைசியாக, பழைய ஸ்டட்களின் நீளம். ஹப் முகத்திலிருந்து அவை நீட்டியிருக்கும் அளவு ஸ்பேசரின் தடிமனைவிட அதிகம் என்றால் முனைகள் ஸ்பேசருக்கு வெளியே தெரியும், ரிம் அவற்றின் மேல் உட்கார்ந்து ஆடும். ரிம்மின் பின்பக்கம் அவற்றுக்குப் பள்ளம் இருந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் தடிமன் கூடிய ஸ்பேசர் எடுக்க வேண்டும். 1 அங்குலத்தில் இது அடிக்கடி வருகிற சிக்கல்.

பொருளைப் பொறுத்தவரை, 6061-டி6 அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது என்று தெளிவாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். வார்ப்பு அலுமினியம் மலிவு, அடி விழுந்தால் வளையாமல் நேரே விரிசல் விடும். ஸ்டட்கள் பின்பக்கமிருந்து அழுத்திச் செருகப்பட்டவையாக இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்குவது என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மாட்டுவது

டார்க் ரெஞ்ச் (நட்டைக் குறிப்பிட்ட அளவு விசையில், அதாவது டார்க்கில், இறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். இரவலாவது வாங்குங்கள். கூடவே ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், ஒரு பெயிண்ட் பேனா.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, தூக்கப் போகாத சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள்.

2. ஜாக்கை ஃபிரேமுக்கு அடியில் வையுங்கள், டிஃபரென்ஷியல் கூட்டின் அடியில் வேண்டாம். தூக்கியவுடன் ஸ்டாண்டைச் செருகிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டும் கழற்றுங்கள், அப்படிச் செய்தால் இடது வலது மாறாது. சுழலும் திசை குறித்த டயர்களுக்கு அது முக்கியம்.

3. சக்கரத்தைக் கழற்றும் முன் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆட்டம் இருந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ முதலில் பேரிங்கை மாற்றுங்கள். ஏற்கெனவே தேய்ந்த பேரிங்கில் ஸ்பேசர் போட்டுவிட்டுப் பிறகு ஸ்பேசரைக் குறை சொல்வதில் பயனில்லை.

4. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு, சேறு, பெயிண்ட் செதில் எதுவும் இல்லாமல் தேய்த்துத் துடையுங்கள். இது சுத்தத்துக்காகச் சொல்வது இல்லை. சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் உடல் இல்லை, நட் இறுகும்போது ஸ்டட் லேசாக இழுபட்டு இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று அழுத்துகிறதே, அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் சக்கரத்தை நகராமல் பிடிக்கிறது. இடையில் ஒரு துளி துருவோ காய்ந்த சேறோ இருந்தால் ஓட்டும்போது அது நசுங்கும், நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போகும், முகங்கள் நகர ஆரம்பிக்கும், அதன் பிறகுதான் ஸ்டட் வளைந்து வளைந்து ஒரு நாள் முறியும். 'ஸ்பேசரால் ஸ்டட் முறிந்தது' என்கிற கதைகளில் பெரும்பகுதி இதுதான். ஸ்பேசரில் அப்பியிருக்கும் தடித்த பெயிண்டும் இதே வேலையைச் செய்யும்.

5. ஸ்பேசரைக் கையால் செருகுங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் அது தவறான ஸ்பேசர். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றோடொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும், அதனால் ஹப்பின் நடு வட்டத்தில் மட்டும் மெல்லியதாக ஆண்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கிரீஸ்) தடவலாம். மரையில் தடவ வேண்டாம், மரை வழவழப்பானால் அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

6. உள் நட்களைக் கையாலேயே கடைசிவரை சுற்றுங்கள், இடையில் எங்கும் பிடிக்கக் கூடாது. மரைப்பசை (நட் தளராமல் பிடிக்கிற பசை) போடுவதா என்பதில் ஸ்பேசர் தயாரிப்பாளர் சொல்வதைக் கேளுங்கள். போடச் சொன்னால் கழற்றக்கூடிய நடுத்தர நீலப் பசை மட்டும், சிவப்பு வேண்டாம். பிறகு குறுக்கு எதிராக, முதலில் பாதி டார்க்கில் நான்கும், பிறகு முழு டார்க்கில் நான்கும், இன்னொரு முறை சரிபார்ப்புக்கு நான்கும். எண் என்ன என்பதை ஸ்பேசரோடு வந்த தாளிலோ வண்டியின் கையேட்டிலோ பாருங்கள், 10 மிமீ ஸ்டட்டுக்கு உள்ளதை 12க்கும் 12க்கு உள்ளதை 10க்கும் போட்டால் இரண்டு விதத்திலும் கெடும். ஹப் சுழன்றுவிடாமல் ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளட்டும், ஆள் இல்லையென்றால் பிரேக் லீவரைப் பட்டையால் கட்டிவிடுங்கள். இம்பாக்ட் கன்னைக் கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. நட் முழுவதும் ஸ்பேசரின் பள்ளத்துக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று ஒரு நேர்ப்பட்டையை முகத்தில் வைத்துப் பாருங்கள். சரி என்றால் பெயிண்ட் பேனாவால் ஒவ்வொரு நட்டின் மேலும் ஸ்பேசரின் மேலும் சேர்த்து ஒரே கோடு இழுங்கள். பின்னால் நட் அசைந்ததா என்று ரெஞ்ச் எடுக்காமலே தெரியும்.

8. ரிம்மை மாட்டி அதே குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். கடைசி முழு டார்க்கை டயர் தரையில் பட்ட பிறகு கொடுங்கள்.

9. நான்கும் முடிந்ததும் ஒருவரைச் சீட்டில் உட்காரவைத்து வண்டியை அமுக்கி, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் சரியாகிவிட்டிருக்கும், ஆனால் இப்போது டயர் பெரிய வட்டத்தில் சுழல்வதால் முன்பு தொடாத கால்மிதி பிளாஸ்டிக்கையோ முன் பம்பரின் ஓரத்தையோ தொடலாம். டயர் காற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஏடிவி டயர்களுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ போன்ற குறைந்த அழுத்தம்தான் வழக்கம், அதில் இடதுக்கும் வலதுக்கும் 1 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பழி ஸ்பேசர் மேல் விழும்.

மாட்டிய பிறகு

முதல் ஓட்டம் கால் மணி நேரம், மெதுவாக, தட்டையான இடத்தில். திரும்பி வந்து வெளி நட்களை டார்க் ரெஞ்சால் பாருங்கள். அப்புறம் முதல் முழு நாள் ஓட்டம் முடிந்ததும் சக்கரத்தையே கழற்றி உள் நட்களைப் பார்த்தாக வேண்டும், புது முகங்கள் ஒன்றோடொன்று படியும்போது இறுக்கம் கொஞ்சம் குறைவது இயல்பு. மரைப்பசை போட்டிருந்தால் உள் நட்டை மறுபடி திருகாதீர்கள், காய்ந்த பசை உடைந்துபோகும், பெயிண்ட் கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட்டைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, புதுப் பசையோடு மறுபடி இறுக்குங்கள். அதற்கடுத்து ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் நான்கு சக்கரமும் கழற வேண்டும். ஸ்பேசரின் மிகப் பெரிய தொல்லை என்று என்னைக் கேட்டால் பேரிங்கைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்: முக்கியமான நான்கு நட்டும் கண்ணுக்குத் தெரியாமல் ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. சக்கரம் கழற்றிப் பார்க்கச் சோம்பல் படுகிற ஆள் என்று உங்களை உங்களுக்குத் தெரிந்தால் 4+3 ரிம் பக்கம் போய்விடுங்கள்.

ஓடும்போது மெதுவான வேகத்தில் 'டிக் டிக்' என்று சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்து சத்தம் வந்தாலோ, ஹேண்டிலில் புதிதாக ஓர் ஆட்டம் வந்தாலோ, நட்டைச் சுற்றித் துருப்பொடியோ கறுப்பு அலுமினியத் தூளோ கோடாக வழிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினால் ஓட்டைகள் முட்டை வடிவமாகும், அதன் பிறகு ஸ்பேசரும் சில சமயம் ரிம்மும் குப்பைக்குத்தான். ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், மற்ற மூன்றும் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கி ஏற்கெனவே களைத்திருக்கும், அந்தச் சக்கரத்தின் நான்கையும் மாற்றி, நட்டுகளையும் புதிதாகப் போடுங்கள்.